கடகடவென்று வாசிக்கிறான், கேட்டால் முழிக்கிறான்: ஆங்கில வாசிப்பில் என்னதான் நடக்கிறது?

காரைக்குடிப் பக்கம் எந்தப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு புகார் காதில் விழும். "இங்கிலீஷ் வாசிக்கிறதெல்லாம் நல்லாத்தான் வாசிக்கிறான். அந்தப் பத்தியிலேயே கேள்வி கேட்டா முழிக்கிறான்." பழி பிள்ளையின் தலையில் விழும். கவனம் இல்லை, ஃபோனே கதி, பயிற்சி போதாது. மருந்தும் தயாராக இருக்கும்: 'காம்ப்ரிஹென்ஷன்' பத்திகள் நூறு அடங்கிய புத்தகம் ஒன்று, தினம் ஒரு பத்தி. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதுதான் மருந்து. வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பட்டதாரிக்கும் இதேதான்.

பெரும்பாலும் இது வேலை செய்வதில்லை. வாசித்துப் புரிந்துகொள்வதைத் தனியாக எடுத்து வைத்துப் பழகக்கூடிய ஒரு திறமையாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பல வேலைகள் ஒன்றுசேர்ந்து தரும் விளைவு. எந்த வேலை தடுக்கிறது என்று பார்க்காமல் விளைவை மட்டும் தினமும் சோதித்துக்கொண்டிருந்தால், பிள்ளை சோதனை எழுதப் பழகுமே தவிர வாசிக்கப் பழகாது.

## ஃபோனில் பாதிப் பேச்சு

வீட்டில் ஆச்சி ஃபோனில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அவர் பேசுவது மட்டும்தான் கேட்கிறது. "ம்... படைப்புக்கா? ... மூத்தவுக வரலையாமா? ... அப்ப எத்தனை இலை? ... சாவி சின்னவுககிட்டதான இருக்கு. ... சரி, மொத நாளே தொறந்து கூட்டச் சொல்லு."

பக்கத்தில் அந்த வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். ஊரில் பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கப்போகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மூத்த வீட்டார் வர முடியவில்லை. அதனால் சாப்பாட்டுக்கு ஆள் குறையும். பூட்டியே கிடக்கும் பெரிய வீட்டின் சாவி இளைய வீட்டாரிடம் இருக்கிறது, ஒரு நாள் முன்னதாகவே திறந்து சுத்தம் செய்ய வேண்டும். இதில் முக்கால்வாசியை ஆச்சி சொல்லவே இல்லை. கேட்டவள் தானே நிரப்பிக்கொண்டாள். அதே நேரத்தில் கூரியர் கொடுக்க வந்த வெளியூர்ப் பையன் வாசலில் நின்றிருந்தால்? அவனுக்கும் தாய்மொழி தமிழ்தான். காதும் நன்றாகக் கேட்கிறது. ஆனாலும் எந்தச் சாவி, எதற்கு இலை என்று அவனுக்குத் தெரியாது.

எழுத்தும் இப்படித்தான். எழுதுகிறவர் பாதியைத்தான் சொல்கிறார். மீதி வாசகருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறார். அந்த இடத்தை வாசகர் தானாக நிரப்பிக்கொள்வதற்கு 'ஊகித்தல்' என்று பெயர். தேர்வில் கடைசியாக வரும் கடினமான கேள்விக்கு மட்டும் ஊகித்தல் தேவைப்படுவதாக நினைக்கிறோம். உண்மையில் ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்த வாக்கியத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அது நடக்கிறது.

"மழை பிடித்துக்கொண்டது. வளவில் காய்ந்த வற்றலை அள்ளிக்கொண்டு ஓடினாள்." இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் 'அதனால்' என்றுகூட இல்லை. மழையில் நனைந்தால் வற்றல் கெட்டுவிடும் என்பதை நீங்கள் போட்டுக்கொண்டீர்கள். செட்டிநாட்டு வீட்டின் வளவு நடுவில் வானம் பார்த்துத் திறந்திருக்கும் என்பதையும் போட்டுக்கொண்டீர்கள். அது தெரியாத ஒருவர், வீட்டுக்குள் இருக்கும் வற்றல் எப்படி நனையும் என்று குழம்பிப்போவார். சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்தும் குழம்புவார்.

## புரியாமலே முழு மதிப்பெண்

சரி, அப்படியென்றால் கீழ் வகுப்புகளில் இந்தச் சிக்கல் ஏன் வெளியே தெரிவதில்லை? இந்த வாக்கியத்தைப் பாருங்கள். நானே இட்டுக்கட்டியது. 'தி பிளோங்க் மிட்டட் இன் தி டார்ஃப் பிகாஸ் இட் வாஸ் ஸ்னெக்கி.'

இப்போது கேள்விகள். பிளோங்க் எங்கே மிட்டியது? 'இன் தி டார்ஃப்.' ஏன் மிட்டியது? 'பிகாஸ் இட் வாஸ் ஸ்னெக்கி.' இரண்டுக்கும் முழு மதிப்பெண். பிளோங்க் மாடா, மனிதனா, மண்வெட்டியா என்று நமக்குத் தெரியாது. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, பக்கத்தில் இருப்பதைப் பெயர்த்து எழுதினால் போதும். எட்டாம் வகுப்பு வரை பல பிள்ளைகள் இந்தத் தந்திரத்திலேயே வண்டி ஓட்டிவிடுகிறார்கள். கேள்வி வேறு சொற்களில் வரத் தொடங்கும்போதுதான் குட்டு உடைகிறது. வீட்டில் எல்லோரும் 'திடீர்னு பின்தங்கிட்டான்' என்கிறார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை.

புரிந்ததா என்று பார்க்க இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "இதுல என்ன சொல்லியிருக்காக?" என்று கேளுங்கள். பதில் தமிழில் வரட்டும். ஆங்கிலத்திலேயே சொல்லு என்று வற்புறுத்தினால் புரிதல், பேச்சு என்று இரண்டு சோதனைகள் ஒன்றாகக் கலந்துவிடும். தமிழில் அழகாகச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைக்கு வாசிப்பில் கோளாறு இல்லை. அது வேறு பாடம்.

## ஒரு பெருக்கல் கணக்கு

1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரே வரியில் சுருக்கினார்கள். 'வாசிப்பின் எளிய பார்வை' என்று அதற்குப் பெயர். வாசித்துப் புரிந்துகொள்வதற்கு இரண்டு பகுதிகள். ஒன்று எழுத்துக்கூட்டல்: கண்ணில் படும் எழுத்துகளைச் சொல்லாக மாற்றுவது. இன்னொன்று மொழிப்புரிதல்: அதையே யாராவது வாசித்துக் காட்டினால் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது. இந்த இரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்றார்கள். சங்கதியே அங்கேதான் இருக்கிறது.

ஒரு பிள்ளையின் எழுத்துக்கூட்டல் 0.9, மொழிப்புரிதல் 0.4 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 0.36. இப்போது எழுத்துக்கூட்டலையே இன்னும் பழக்கி முழு 1.0 ஆக்கிவிட்டோம். விடை 0.40. அவ்வளவு பாடுபட்டும் ஏறக்குறைய அதே இடம். மாறாக எழுத்துக்கூட்டலை அப்படியே விட்டுவிட்டு மொழிப்புரிதலை 0.6க்குக் கொண்டுவந்தால் 0.54. எது பலவீனமோ அதைத் தொட்டால்தான் விடை நகரும். ஒன்று பூஜ்யமாக இருந்தால் மற்றது எவ்வளவு உயர்ந்தாலும் விடை பூஜ்யம்தான். தமிழ் எழுத்தில் அச்சிட்ட வடமொழித் தோத்திரத்தைத் தடங்கலே இல்லாமல் பாராயணம் செய்யும் அப்பத்தாக்களை நமக்குத் தெரியும். எழுத்துக்கூட்டலில் குறையே சொல்ல முடியாது. அந்த மொழி தெரியாதவருக்குப் பொருள் விளங்காது. பக்திக்கு அது தடையில்லை, ஆனால் தேர்வில் கேள்வி கேட்பார்கள்.

லண்டனில் ஒரு குழந்தை பள்ளிக்கு வரும்போதே ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களைக் காதால் அறிந்திருக்கிறது. அங்கே வாசிப்புப் பாடம் என்றால் தெரிந்த சொற்களுக்கு எழுத்தைக் காட்டுவது. தேவகோட்டையில் ஒரு பிள்ளைக்கு எழுத்தும் புதிது, ஒலியும் புதிது, பொருளும் புதிது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளில் உருவான ஃபோனிக்ஸ் முறையை, அதாவது எழுத்துக்கு ஒலி சொல்லித்தரும் முறையை, அப்படியே இங்கே கொண்டுவந்து அதை மட்டும் நடத்தினால், பெருக்கலில் ஒரு பக்கம் மட்டும் ஏறும். ஃபோனிக்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நிறுத்திவிட்டு, 'பிள்ளை வாசிக்கப் பழகிவிட்டது' என்று சான்றிதழ் கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

எது பலவீனம் என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். பிள்ளைக்குப் புரியாத பத்தியை நீங்களோ, ஆங்கிலம் தெரிந்த யாரோ நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். கேட்டால் புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்துக்கூட்டல் தடுக்கிறது. கேட்டாலும் புரியவில்லை என்றால் மொழிப்புரிதல் போதவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளில், குறிப்பாக ஆறாம் வகுப்புக்கு மேலே, நான் அதிகம் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

இதுவரை பார்த்தது: எழுதியவர் விட்டதை வாசகர் நிரப்ப வேண்டும். அதற்கு எழுத்துக்கூட்டல், மொழிப்புரிதல் இரண்டும் தேவை, இரண்டும் பெருக்கலாக வேலை செய்கின்றன. சொல்லைத் தேடிப் பெயர்த்து எழுதும் கேள்விபதில் இந்தக் குறையை மறைத்துவிடும்.

## எழுத்துக்கூட்டல் தடுத்தால்

தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி வந்துவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளைச் சமாளிக்கிறார்கள். 'தோ', 'த்ரூ', 'டஃப்', 'காஃப்' என்ற நான்கு சொற்களும் ஓ, யூ, ஜி, எச் என்ற அதே நான்கு எழுத்துகளில்தான் முடிகின்றன. ஒலியோ நான்கு விதம். இதில் தடுமாறுவது பிள்ளையின் குற்றம் இல்லை.

தடுமாறினால் என்ன ஆகிறது? நம் மனம் ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. இந்தச் சின்ன இடத்துக்குச் 'செயல் நினைவு' என்று பெயர். அதில் ஏறக்குறைய நான்கு துண்டுகள்தான் ஒரே சமயத்தில் நிற்கும் என்று நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். அந்த நாலு இடத்தையும் எழுத்துகளே பிடித்துக்கொண்டால், வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் கைநழுவிப்போகும். முற்றுப்புள்ளியில் நிற்காமல், எல்லாச் சொல்லையும் ஒரே ஓசையில் ஒப்பிக்கிற பிள்ளைகளிடம் இதைக் காதாலேயே கேட்கலாம்.

இதற்குப் புதுப் பத்திகள் உதவாது. ஒரே சின்னப் பத்தியைப் பெரியவர் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். அப்புறம் பிள்ளை அதையே மூன்று நான்கு முறை, அர்த்தத்தோடு ஏற்ற இறக்கம் வரும்வரை வாசிக்க வேண்டும். அடுத்த நாள் வேறு பத்தி.

வேகமாக வாசிக்கக் கற்றுத்தருகிறோம் என்ற விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஆங்கிலத்தில் ஏழு எட்டு எழுத்துகள் தாவி, கால் நொடிபோல நின்று, மறுபடி தாவுகிறது. அந்தக் கால் நொடியில்தான் சொல் மனதுக்குள் போகிறது. கண்ணசைவை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த கீத் ரெய்னரும் கூட்டாளிகளும் 2016இல் இந்தத் துறையை முழுக்க அலசி, வேகத்தைப் பெரிய அளவில் கூட்டினால் புரிதல் குறைவதைத் தவிர்க்க முடியாது என்று முடிவு சொன்னார்கள். பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

## ஐம்பதில் ஒரு சொல்

ஒரு பக்கத்தில் எத்தனை சொல் தெரியாமல் இருந்தால் சமாளிக்கலாம்? பத்துக்கு ஒன்று என்று பலர் சொல்வார்கள். 2000இல் ஹூ, நேஷன் என்ற இருவர் இதை அளந்து பார்த்தார்கள். ஒரு கதையில் சில சொற்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொய்ச் சொற்களைப் போட்டார்கள், நம் பிளோங்க் மாதிரி. ஐந்து சொல்லுக்கு ஒன்று பொய்யாக இருந்தபோது ஒருவருக்குக்கூட கதை போதுமான அளவு புரியவில்லை. பெரும்பாலோர் யார் உதவியும் இல்லாமல் புரிந்துகொள்ள, நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் புதிதாக இருக்கலாம். 250 சொற்கள் உள்ள பக்கம் என்றால் ஐந்து.

இந்தக் கணக்கை மனதில் வைத்து நாம் கொடுக்கும் அறிவுரைகளைப் பாருங்கள். வங்கித் தேர்வுக்குச் சேர்ந்த பையனிடம் முதல் வாரமே ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படி என்கிறோம். பேனாவோடு உட்கார்ந்து அடிக்கோடு போடுகிறான், இரண்டாம் பத்திக்குள் தாளே நீலமாகிவிடுகிறது. செய்தித்தாளையும் நாவலையும் உதவியில்லாமல் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிய வேண்டும் என்று பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். சொற்குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும்: 'ஆக்ட்', 'ஆக்டர்', 'ஆக்‌ஷன்', 'ஆக்டிவ்' என்பதுபோல. தலையங்கம் போய்ச் சேர வேண்டிய இடம், கிளம்புகிற இடம் இல்லை.

'தெரியாத சொல்லை முன்னே பின்னே பார்த்து ஊகி' என்பதும் நல்ல யோசனைதான். ஆனால் முன்னே பின்னே இருக்கும் சொற்கள் தெரிந்திருந்தால்தானே பார்ப்பது? ஐம்பதில் ஒன்று என்றால் ஊகம் நடக்கும். ஐந்தில் ஒன்று என்றால் குருட்டு அடி. அகராதியும் அப்படியே. பக்கத்துக்கு நாலைந்து முறை புரட்டினால் உதவி. இருபது முறை புரட்டினால் அது வாசிப்பே இல்லை.

இதற்கு வழி சொன்னவர் நம் துணைக்கண்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் சொன்னார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தார். வங்காளப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூல்களில் புழக்கம் குறைந்த சொற்கள் மண்டிக் கிடப்பதையும், புதுச் சொற்கள் மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கமாக வருவதையும் கவனித்தார். அரிய சொற்களை எடுத்துவிட்டுப் பழகிய சொற்களைப் போட்டு, புதுச் சொற்களைத் தள்ளித் தள்ளி வைத்து வாசிப்பு நூல்களை எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 அடிப்படைச் சொற்கள் இருந்தன. சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அவை அடைத்துவிடும். 80 சதவீதம் புரிதலுக்குப் போதாது என்று மேலே பார்த்தோம். ஆனால் அந்த 2000 கைவசம் இருந்தால், அதற்கென்றே எழுதப்பட்ட எளிய புத்தகங்களை 98 சதவீதப் பிடிப்போடு வாசிக்கலாம். மீதிச் சொற்கள் அப்படி வாசித்து வாசித்துத்தான் சேரும்.

## பினாங்குக்குப் போனது யார்?

எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் ஏமாற்றும். 'தி மேன் ஹூ பாட் தி ஹவுஸ் ஃப்ரம் மை அங்கிள் லெஃப்ட் ஃபார் பினாங்.' பினாங்குக்குப் போனது யார் என்று கேட்டுப் பாருங்கள். நிறைய பிள்ளைகள் 'அங்கிள்' என்பார்கள். 'மை அங்கிள் லெஃப்ட் ஃபார் பினாங்' என்ற சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன, தனியாகப் பார்த்தால் முழு வாக்கியம் மாதிரியே இருக்கிறது. போனது வீட்டை வாங்கிய மனிதர். மாமா வீட்டை விற்றுவிட்டு ஊரிலேயே இருக்கிறார்.

தமிழில் 'என் மாமாவிடம் வீட்டை வாங்கிய மனிதர் பினாங்குக்குப் புறப்பட்டார்' என்போம். விளக்கம் முன்னால் வந்து, ஆள் பின்னால் வந்து, அவர் செய்த காரியம் அவரை ஒட்டியே நிற்கும். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வருவார், விளக்கம் பின்னால் வரும். ஆளுக்கும் அவர் செய்த காரியத்துக்கும் இடையில் ஒரு வளவே கட்டிவிடுவார்கள். நீளமான வாக்கியத்தில் பிள்ளை தொலைந்தால் ஒரே ஒரு கேள்வி போதும்: கடைசி வினைச்சொல்லின் சொந்தக்காரர் யார்? விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சின்னச் சொற்களும் இப்படிக் கவிழ்ப்பவை. 'அன்லெஸ்', 'ஹார்ட்லி', 'ஆல்தோ' போன்றவற்றைத் தாண்டிப்போனால் பொருள் தலைகீழாகும். 'எ ஃப்யூ' என்றால் சிலர் இருக்கிறார்கள், 'ஃப்யூ' என்றால் ஆளே இல்லாத குறை. 'இட்', 'திஸ்', 'தே' வரும்போதெல்லாம் எதைச் சொல்கிறது என்று கேட்க வேண்டும். பெரிய பெரிய சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்கிற மாணவர்கள் இந்தச் சிறுசுகளை மதிப்பதே இல்லை. மதிப்பெண் போவது அங்கேதான்.

சுருக்கமாக: மொழிப்புரிதலுக்குள் சொற்கள் ஒரு பக்கம், வாக்கிய அமைப்பு மறுபக்கம். ஐம்பதில் ஒன்றுக்கு மேல் புதுச் சொல் இருந்தால் அந்தப் பத்தி பழக ஏற்றதில்லை. வாக்கியத்தில் யார் செய்தார் என்பதைப் பிடிக்கப் பழக வேண்டும்.

## விஷயம் தெரிந்தவனுக்கு வாசிப்பு வசப்படும்

இனிமேல் சொல்லப்போவதைத்தான் பலரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. முதலில் இந்தத் தமிழ்ப் பத்தியை வாசியுங்கள்.

"முதலில் தெளிவானதை அடியில் வைக்க வேண்டும். அதன்மேல் அச்சு. பிரிவுகளில் ஒவ்வொன்றாக ஊற்றியபின் அச்சை நிதானமாக எடுக்க வேண்டும். கை நடுங்கினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்புறம் உலர்ந்ததைத் தூவி, ஈரமானதை நிரப்பி மட்டம் செய்ய வேண்டும். இப்போது மேலே தெரிவது யார் கண்ணிலும் படப்போவதில்லை. அடியில் இருப்பதுதான் பிறகு மேலே வரும். நெருப்பு தேவையில்லை. தண்ணீரில் கிடந்தால் போதும்."

எல்லாம் தெரிந்த தமிழ்ச் சொற்கள். ஆனாலும் பாதியில் தடுமாறியிருப்பீர்கள். தலைப்பு 'ஆத்தங்குடிக் கல்', அதாவது செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கும் பூக்கல், என்று சொல்லிவிட்டு மறுபடி வாசித்தால் ஒவ்வொரு வரியும் போய் அதனதன் இடத்தில் உட்காரும். அடியில் கண்ணாடி, மேலே பூ வடிவ அச்சு, அதற்குள் நிறம் கலந்த சிமெண்டு, பின்னால் உலர்ந்த சிமெண்டும் மணலும், அதன்மேல் ஈரக் கலவை. கண்ணாடியை ஒட்டிய பக்கம்தான் தரையில் பளபளக்கும் முகம். பட்டறையை நேரில் பார்த்தவருக்கு இரண்டாவது வரியிலேயே பிடிபட்டிருக்கும்.

ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் 1972இல் துணி துவைப்பதைப் பற்றி இப்படி ஒரு பூடகமான பத்தியை எழுதிப் பலருக்கு வாசித்துக் காட்டினார்கள். விஷயம் என்ன என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கு நன்றாகப் புரிந்தது, பிறகு நினைவிலும் இருந்தது. வாசித்து முடித்தபின் சொல்லப்பட்டவர்களுக்கு அந்தத் தகவல் உதவவே இல்லை. மனதில் முன்பே ஒரு சட்டகம் இருந்தால்தான் வருகிற வாக்கியம் ஒட்டிக்கொள்ளும். விஷயத்தைப் பற்றி ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் இந்தச் சரக்குக்குப் 'பின்புல அறிவு' என்று பெயர்.

1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் அமெரிக்காவில் நடுநிலைப்பள்ளி மாணவர் 64 பேரை வைத்து இதை இன்னும் கூர்மையாகச் சோதித்தார்கள். பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் பத்தியை வாசிக்கக் கொடுத்து, படித்ததைப் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்புச் சோதனையில் மட்டமான மதிப்பெண் வாங்கியிருந்தும் பேஸ்பால் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாத மாணவர்களைவிட மேலாகச் செய்தார்கள்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் சிராவயல் மஞ்சுவிரட்டைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி. எந்த மாட்டைத் தொழுவிலிருந்து விடுவார்கள், எது கட்டுமாடாகப் பொட்டலில் அவிழ்க்கப்படும், எது பிடிபட்டதாகக் கணக்கு என்பதெல்லாம் தெரிந்த பையன் சில சொற்கள் தெரியாமலே கதையைச் சொல்லிவிடுவான். அதே பையனுக்குப் பனிச்சறுக்கு பற்றிய பத்தி வந்தால் வாய் திறக்க மாட்டான். முதல் நாள் 'கெட்டிக்காரன்', மறுநாள் 'காம்ப்ரிஹென்ஷன் வீக்'. பையன் அதே பையன்தான், பத்திதான் மாறியது.

நூறு பத்திப் புத்தகம் ஏன் கை கொடுப்பதில்லை என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. முதல் நாள் எறும்பு, இரண்டாம் நாள் நெப்போலியன், மூன்றாம் நாள் சூரியசக்தி. எதிலும் வேர் பிடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறோம். நேற்று சேர்ந்த சொல்லும் அறிவும் இன்றைய பத்திக்கு உதவுவதில்லை. எறும்பைப் பற்றியே பத்து நாள் வாசித்திருந்தால், நான்காம் நாளிலிருந்து 'காலனி', 'வொர்க்கர்', 'நெஸ்ட்' எல்லாம் பழகிய முகங்களாக வந்து நிற்கும்.

## சரி, என்ன செய்யலாம்?

ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் அதிலேயே இருப்பதுதான் முதல் வேலை. கிரிக்கெட், பாம்பு, ரயில், பர்மா போர் எதுவானாலும் சரி, பிள்ளைக்குப் பிடித்ததாக இருந்தால் போதும்.

அடுத்தது, தமிழை ஏணியாக வைத்துக்கொள்வது. 'தமிழில் யோசிக்காதே' என்று அதட்டுவதை நிறுத்திவிட்டு, விஷயத்தை முதலில் தமிழில் தெரிந்துகொள்ளச் சொல்லலாம். தமிழ்நாடு அரசின் அறிவியல், சமூக அறிவியல் பாடநூல்கள் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் ஒரே பாடங்களோடு வருகின்றன. இதைவிட நல்ல இருமொழி நூல் வேறு எங்கே தேடுவது? ஒளிச்சேர்க்கைப் பாடத்தை முதல் நாள் தமிழில் படித்துவிட்டு மறுநாள் ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளை, பாதிப் பேச்சைக் கேட்டு மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிற இடத்துக்கு வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில், நிலை ஒன்று முதல் நான்கு வரை பிரித்து, இலவசமாகவே கிடைக்கிறது. கொஞ்சம் பெரியவர்களுக்கு எளிய ஆங்கில விக்கிப்பீடியா பொருத்தம்.

மூன்றாவது, எளிதானதை ஏராளமாக வாசிப்பது. ஒன்பதாம் வகுப்புப் பையன் மூன்றாம் நிலைக் கதை படித்தால் வீட்டில் சிரிக்கக் கூடாது. 1980களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில், ஆங்கிலம் தாய்மொழி இல்லாத பிள்ளைகளின் வகுப்புகளுக்கு வார்விக் எலியும் பிரான்சிஸ் மங்குபாயும் நிறைய ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். சில வகுப்புகள் பழைய பாடமுறையிலேயே தொடர்ந்தன. எட்டு மாதத்தில் கதை வாசித்த பிள்ளைகள் வாசிப்பிலும் கேட்டுப் புரிவதிலும் வழக்கத்தைவிட இருமடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அடுத்த ஆண்டு எழுத்திலும் பலன் தெரிந்தது. கதை வாசித்த வகுப்புகளில் சிலவற்றில் ஆசிரியர்கள் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டி, அதைப் பற்றிப் பேசவும் செய்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாசித்துக் காட்டுவது குழந்தைகளுக்கு மட்டும் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். எட்டாம் வகுப்பிலும் தினம் பத்து நிமிடம் அதற்கு இடம் இருக்கிறது.

'மையக்கருத்தைக் கண்டுபிடி', 'தலைப்பைப் பார்த்து முன்கூட்டி யோசி' போன்ற உத்திகளும் உண்டு. நல்லவைதான், சில வாரங்களில் பழகிவிடும். அதற்குமேல் அதையே நடத்திக்கொண்டிருப்பதில் லாபம் குறைவு. கேள்வியை முதலில் பார்த்துவிட்டுப் பத்திக்குப் போவது தேர்வு நேரத்தை மிச்சப்படுத்தும், வாசிப்பை வளர்க்காது.

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதே முறையைத் தங்கள் பாடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கே வரும் ஆங்கிலப் பத்திகள் பெரும்பாலும் பொருளாதாரத்தையே சுற்றி வருகின்றன: பணவீக்கம், வாராக்கடன், பருவமழை, ஏற்றுமதி. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ விகிதம், அது ஏறினால் வீட்டுக்கடன் தவணையும் ஏறக்கூடும் என்று தமிழில் ஒருமுறை தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வாரம் முழுக்க ரெப்போ பற்றிய சின்னச் சின்ன ஆங்கிலச் செய்திகளை மட்டும் வாசியுங்கள், தலையங்கம் வேண்டாம். பிறகு பணவீக்கத்துக்குப் போங்கள். மூன்று நான்கு தலைப்புகள் இப்படி முடிந்தபின் அதே விஷயத்தைப் பற்றி வந்த ஒரு தலையங்கத்தை எடுத்து, தெரியாத சொற்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு ஐந்தாறுக்குள் வந்திருந்தால் தினசரித் தலையங்கத்தைத் தொடங்கிவிடலாம்.